ஏரிக்கரையில் ஒரு கூடாரம்



ஆடி, ஆவணி மாதங்களில் கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் படங்கள் உங்களில் பலருடைய கைத்தொலைபேசிகளுக்கும் வந்து சேர்ந்திருக்கும். பெரியதோர் ஏரி, கரையெங்கும் ஊசியிலை மரங்கள், நீரோரத்தில் கவிழ்த்து வைக்கப்பட்ட ஒடுங்கிய தோணி, அதனருகே சிறியதொரு கூடாரம். கூடார வாயிலில் உங்கள் பேரப்பிள்ளை ஒரு கையில் தூண்டிலும் மறு கையில் மீனுமாக நின்று சிரிக்கின்றது. படத்தைப் பார்த்து மகிழும் அம்மம்மா மறுகணமே கேட்கும் கேள்வியும் நமது வீடுகளுக்குப் புதியதன்று: "நல்ல வீடு வாசல் இருக்க, இந்தப் பிள்ளையள் ஏன் காட்டுக்குள்ளை கூடாரம் அடிச்சுப் படுக்கினம்?"

கேட்டவுடன் எல்லோரும் சிரிப்பர். ஆயினும் அக்கேள்விக்குள் ஒரு நீண்ட வரலாறு அடங்கியிருக்கின்றது. கூடாரம், முகாம், தறப்பாள் ஆகிய சொற்களை நமது தலைமுறை எங்கே கற்றுக்கொண்டது என்பதை அம்மம்மா அறிவார். படத்தில் நிற்கும் பிள்ளை அறியாது. அதைப் பற்றியே இவ்வாரம் உங்களோடு பேச விழைகின்றோம். அதற்கு முன், அப்பிள்ளை சென்றுவந்த பயணம் எத்தகையது என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் பொருத்தமாகும்.

ரொறன்ரோ நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ மூன்று மணிநேரம் வாகனத்தில் சென்றால் அல்கொன்குயின் பூங்கா வருகின்றது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் பூச்செடிகளும் உள்ள இடமென எண்ணிவிடாதீர்கள். 1893ஆம் ஆண்டில் ஒன்ராறியோ மாகாணம் ஒதுக்கிவைத்த இவ்வனத்தின் பரப்பு ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீற்றர். நமது வட மாகாணம் முழுவதையும்விடச் சற்றே சிறியது. அதனுள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. தென்பகுதியை 60ஆம் இலக்க நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்கின்றது. அந்நெடுஞ்சாலையோரம் கூடாரமடிப்போருக்குக் குழாய்நீர், குளியலறை முதலிய வசதிகள் உண்டு. அதைக் கடந்து உட்பகுதிக்குச் செல்ல விரும்புவோருக்கோ பெரும்பாலும் நீர்வழியே வழி. பல மாதங்களுக்கு முன்னரே எந்த இரவு எந்த ஏரியில் தங்குவது எனப் பதிவுசெய்து அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். ஒரு கூடாரத் தலத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்கலாகாது. செம்மஞ்சள் நிறப் பலகை மாட்டப்பட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் கூடாரமடிக்கவும் கூடாது.

கனூ எனப்படும் அந்த ஒடுங்கிய தோணியில் துடுப்பு வலித்து ஓர் ஏரியின் எல்லைக்குச் சென்றால், அங்கே மஞ்சள் நிறப் பலகையொன்று காணப்படும். அடுத்த ஏரிக்கு எத்தனை மீற்றர் என அதில் எழுதியிருக்கும். அத்தூரத்துக்குத் தோணியைத் தலைக்கு மேலே கவிழ்த்துத் தோளில் தாங்கிக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்கவேண்டும். இதனை அங்கே போட்டேஜ் என்பர். சில பாதைகள் இருநூறு, முந்நூறு மீற்றரில் முடிந்துவிடும். ஐந்து கிலோமீற்றரைத் தாண்டும் பாதையும் உண்டு. எடை குறைந்த வகைத் தோணியே ஏறத்தாழ 20 கிலோகிராம் வரும். அதற்கு மேலே கூடாரம், படுக்கை, சமையற் பாத்திரம், அரிசி, பருப்பு யாவற்றையும் முதுகில் சுமக்கவேண்டும். வைகாசி, ஆனி மாதங்களிலாயின் கரிய சிற்றீக்களும் நுளம்புகளும் முகத்தை மொய்க்கும். இரு கைகளும் தோணியைப் பிடித்திருப்பதால் அவற்றை விரட்டவும் இயலாது.

முதன்முறை செல்லும் நமது குடும்பங்கள் வீட்டையே பொதிகட்டிக்கொண்டு போவதாகச் சொல்வார்கள். குளிர்பெட்டி, மடிக்கும் நாற்காலி, கறிச் சட்டி, பாட்டுப்பெட்டி. முதலாவது போட்டேஜில் அவை ஒவ்வொன்றும் தத்தம் எடையைக் காட்டிவிடும். அடுத்த ஆண்டு பொதி பாதியாகக் குறைந்திருக்கும். தகர டின்களையும் போத்தல்களையும் உட்பகுதிக்குள் கொண்டுசெல்வதற்கே அங்கு தடை உண்டு. கொண்டுபோன உறையையும் கடதாசியையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நமது யாத்திரைத் தலங்களில் பெருநாள் முடிந்த மறுநாட்காலை மரங்களின் கீழே கிடப்பவற்றை எண்ணும்போது, இத்தடையை நாமும் கடன் வாங்கினால் என்ன என்று தோன்றாமலில்லை.

இந்த நீர்வழிகளும் சுமைப் பாதைகளும் பொழுதுபோக்குக்கென அமைந்தவையல்ல. அல்கொன்குயின் மக்களும் அவர்களை ஒத்த பிற ஆதிக்குடியினரும் பன்னெடுங்காலமாக நடந்த பாதைகள் அவை. இவ்வனம் தமது மூதாதையரின் நிலம் என்பதும், அதனைத் தாம் எந்த உடன்படிக்கையாலும் விட்டுக்கொடுத்ததில்லை என்பதும் அம்மக்களின் நிலைப்பாடு. 2016இல் அவர்களுக்கும் அரசாங்கங்களுக்கும் இடையே ஒரு கொள்கையளவிலான இணக்கம் கைச்சாத்தாகியது. காடு என்றதும் ஆளற்ற நிலம் என்று எண்ணுவது நகரத்தாரின் பழக்கம். நிலம் இழந்து வாழ்ந்தவர்களாகிய நமக்கு அப்பழக்கம் பொருந்தாது.

இப்பூங்காவின் வடக்கே ஒட்டாவா ஆறும் மட்டாவா ஆறும் செல்கின்றன. அவற்றின் வழியாகவே பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியாகிய புனித ஜோன் டி பிரெபெஃப் கியூபெக்கிலிருந்து ஹியூரன் மக்களின் நாட்டுக்குத் தோணியிற் சென்றார். 1634ஆம் ஆண்டுப் பயணத்தில் முப்பத்தைந்து தடவை தோணிகளைச் சுமந்ததாகவும், ஐம்பது தடவைக்குக் குறையாமல் இழுத்துச் சென்றதாகவும் எண்ணிக் குறித்திருக்கின்றார். 1637இல், தமக்குப் பின் வரவிருந்த குருக்களுக்கென அவர் எழுதிய அறிவுரைகள் இன்றும் கிடைக்கின்றன. மறையியல் நுணுக்கங்களை அதில் தேடுபவர் ஏமாற்றமடைவர். தோணி புறப்படும்போது உங்களுக்காக மற்றவர்களைக் காக்கவைக்க வேண்டாம். அங்கியைச் சுருக்கிக் கட்டுங்கள், தண்ணீரும் மணலும் தோணிக்குள் வராதிருக்கட்டும். அகன்ற விளிம்புடைய தொப்பி பின்னால் இருப்பவருக்கு இடைஞ்சல். அவர்கள் தரும் கூழ் எப்படியிருந்தாலும் உண்ணுங்கள். சுமைப் பாதையில் ஒரு கேத்தலையாவது நீங்களும் சுமவுங்கள். தொடர்ந்து துடுப்பு வலிக்க எண்ணமில்லையேல் தொடங்கவே வேண்டாம். இவ்வாறான செய்திகளே அங்குள்ளன. வழியில் மீன் முதலியவற்றைப் பண்டமாற்றாகப் பெறுவதற்கு நூறு தூண்டில் முட்கள் கொண்டுசெல்லுமாறும் சொல்கின்றார். 1649 மார்ச் மாதத்தில் அவர் கொடிய வதைகளுக்குள்ளாகி உயிர் நீத்தார். 1930இல் திருச்சபை அவரையும் அவருடைய தோழர்கள் எழுவரையும் புனிதராக அறிவித்தது. ஒன்ராறியோவின் மிட்லண்ட் நகரில் உள்ள மறைசாட்சிகள் திருத்தலத்துக்கு ரொறன்ரோத் தமிழ்க் கத்தோலிக்கர்கள் பெருந்திரளாக யாத்திரை செல்வதை நீங்கள் அறிவீர்கள். அங்கே மெழுகுதிரி ஏற்றும் குடும்பம், மறுவாரம் ஏரியில் துடுப்பு வலிக்கும்போது இப்புனிதரின் சிறிய அறிவுரைகளையும் நினைவுகூரலாம். சினம் கொள்ளாமல் ஒரே தோணியில் மூன்று நாள் இருப்பது எவ்வளவு அரியது என்பதை எந்தக் கணவனும் மனைவியும் அறிவர்.

இனி மீன்பிடிக்கு வருவோம். குருநகரிலும் பாசையூரிலும் நாவாந்துறையிலும் பேசாலையிலும் கடலை நம்பி வாழும் நமது குடும்பங்களுக்கு, பணம் கொடுத்து அனுமதிப்பத்திரம் வாங்கி ஒற்றைத் தூண்டிலோடு நாள் முழுவதும் காத்திருப்பது வேடிக்கையாகவே தோன்றும். ஆயினும் அந்நாட்டு விதிகளில் கற்கத்தக்கவை உள்ளன. குளிர்ந்த ஏரிகளில் வாழும் ட்ரவுட் மீனே அங்கு பெருமைக்குரியது. நமது நுவரெலியாவின் குளிர்நீரில் பிரித்தானியர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்டதும் இவ்வினத்தைச் சார்ந்ததே. ஏப்ரல் பிற்பகுதி முதல் செப்டெம்பர் 30 வரையே அதனைப் பிடிக்கலாம். இலையுதிர்காலம் முட்டையிடும் காலமாதலால் அப்போது தடை. இரைமீனை உயிருடனோ இறந்தோ இப்பூங்காவுக்குள் கொண்டுசெல்லவும் தடை. வேற்று நீரின் சிறுமீன் ஒன்று தப்பி ஏரியில் விழுந்து பெருகினால், அங்கேயே தோன்றி வாழ்ந்துவரும் ட்ரவுட்டுக்கு இரையும் இடமும் இல்லாமற் போகும் என்பதே காரணம். ஒருவர் எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. பிடித்ததை விட்டுவிடும் வழக்கம் அங்கு பரவலாயினும், கோடையில் ஆழத்துக் குளிர்நீரிலிருந்து இளஞ்சூடான மேல்நீருக்கு இழுத்து வரப்பட்ட மீன் விடப்பட்டாலும் பிழைக்கும் என்பது உறுதியில்லை. படத்துக்காகப் பத்து மீனை இழுத்துவிடுவதிலும், இராச் சாப்பாட்டுக்கு இரண்டைப் பிடித்துவிட்டுத் தூண்டிலைச் சுருட்டி வைப்பதே மேலானது என்பது நமது எண்ணம்.

தோணியில் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்கவேண்டும் என்பது கனேடியச் சட்டம். தோணிக்குள் கிடந்தாற் போதாது. உடலில் அணிந்திருக்க வேண்டும். கடலோரத்தில் பிறந்தவன், எனக்கு நீந்தத் தெரியும் என்று சொல்பவருக்கே இதனை அழுத்திச் சொல்லவேண்டியுள்ளது. பனி உருகிய வசந்தகால ஏரிநீரின் குளிர் நமது கடல் காட்டாத ஒன்று. அதில் திடீரென விழுபவரின் மூச்சே தடுமாறிவிடும். நீச்சற் திறமை அதன் பின்னரே உதவிக்கு வரும்.

மாலையாகின்றது. எஞ்சிய உணவையெல்லாம் பையிலிட்டுக் கரடிக்கு எட்டாதவாறு ஏறத்தாழ நான்கு மீற்றர் உயரத்தில் மரக்கிளையிற் கயிறு கட்டித் தொங்கவிடுகின்றனர். கூடாரத்துக்குள் ஓர் இனிப்புக்கூட வைத்திருக்கக்கூடாது. இருள் சூழ்ந்ததும் லூன் எனப்படும் நீர்ப்பறவை ஏரியின் நடுவிலிருந்து கூவும். முதன்முறை கேட்பவர் ஒரு பெண்ணின் ஓலமென்றே எண்ணுவர். உட்பகுதியின் பெரும்பாலான இடங்களில் தொலைபேசித் தொடர்பு கிடையாது. வழக்கமாகத் தந்தை ஓர் அறையிலும் பிள்ளைகள் வேறு அறைகளிலும் தத்தம் திரைகளுக்கு முன்னிருக்கும் ஒரு குடும்பம், இப்போது ஒரே நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கின்றது. உண்பதற்குக்கூட நேரமின்றி உழைத்த சீடர்களைத் தனிமையான இடத்துக்கு வந்து சற்றே இளைப்பாறுமாறு நம் ஆண்டவர் அழைத்ததையும், அவர்கள் படகிலேறிச் சென்றதையும் மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். அந்த ஓய்வு அவர்களுக்கு நீடிக்கவில்லை. மக்கள் கூட்டம் கரைவழியே ஓடி முன்னதாகவே அங்கு சேர்ந்துவிட்டது. விடுமுறையிலும் அலுவலக அழைப்புக்குப் பதிலளிப்போர் இப்பகுதியை நன்கு விளங்கிக்கொள்வர்.

நெருப்பைப் பற்றி இன்னொன்றையும் சொல்லவேண்டும். யோவான் நற்செய்தியில் கரிநெருப்பு இரண்டு இடங்களில் மட்டுமே வருகின்றது. தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டு புனித பேதுரு ஆண்டவரை மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் அருகே. இரவு முழுவதும் ஒரு மீனும் கிடைக்காமல் விடியலில் கரைக்கு வந்த அதே பேதுருவுக்காக, மீனும் அப்பமும் வைத்து உயிர்த்த ஆண்டவர் காத்திருந்ததும் ஒரு கரிநெருப்பின் அருகேயே. அந்தப் புகையின் மணம் மூக்கில் ஏறியபோது பேதுருவுக்கு எந்த இரவு நினைவுக்கு வந்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆண்டவர் வேறு வகை நெருப்பை மூட்டியிருக்கலாம். காலை உணவை நெருப்பில்லாமலும் கொடுத்திருக்கலாம்.

இப்போது அம்மம்மாவின் கேள்விக்குத் திரும்புவோம். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து இரவோடிரவாக மழையில் நடந்தவர்கள் நம்மிடையே இருக்கின்றார்கள். அதன்பின் கிளாலியில் வள்ளமேறி வன்னிக் காடுகளில் தறப்பாளின் கீழே ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தவர்கள் இருக்கின்றார்கள். 2009இல் செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாமின் கூடாரங்களுக்குள் வெயிலிலும் வெள்ளத்திலும் கிடந்தவர்கள் இருக்கின்றார்கள். அம்முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. அவர்களுட் சிலர் இன்று ரொறன்ரோவில் தாயாகவும் தந்தையாகவும் உள்ளனர். பாடசாலைத் தோழர் போகிறார்கள் என்று பிள்ளை அடம்பிடிப்பதால், கடையில் ஒரு கூடாரம் வாங்கித் தாமும் ஏரிக்கரைக்குப் போகின்றனர். மழை வரும்போலிருந்தால் அதன் மேலே ஒரு தறப்பாளையும் இழுத்துக் கட்டுகின்றனர். மரத்துக்கு மரம் எவ்வாறு கயிறு கட்டுவது, தண்ணீர் தேங்காமல் எப்பக்கம் சரிவு விடுவது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. "அப்பா, உங்களுக்கு இது எப்படித் தெரியும்?" என்று பிள்ளை வியப்போடு கேட்கின்றது. பெரும்பாலான தந்தையர் அதற்குச் சிரித்துவிட்டு நெருப்பைக் கிளறுகின்றனர்.

அக்கேள்விக்கு விடை சொல்லுமாறு திருவிவிலியம் கேட்கின்றது என்பதே நமது துணிபு. லேவியர் நூலின் இருபத்து மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டு, பாலைவெளியில் கூடாரங்களில் அலைந்து, ஈற்றில் நாட்டை அடைந்து வீடு கட்டிக் குடியேறவிருந்த ஒரு மக்களுக்கு இறைவன் இட்ட கட்டளை அங்கே உள்ளது. ஆண்டுதோறும் அறுவடை முடிந்தபின் ஏழு நாள்கள் வீட்டை விட்டு வெளியேறிக் குடில்களில் தங்கவேண்டும். மூதாதையர் குடில்களில் வாழ்ந்ததைப் பின்வரும் தலைமுறையினர் அறியவேண்டும் என்பதே அங்கு சொல்லப்படும் காரணம். அழுதுகொண்டு தங்குமாறு அக்கட்டளை சொல்லவில்லை, மகிழ்ந்திருக்குமாறு சொல்கின்றது. நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்திலோ, பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து மீண்டு வந்தவர்கள் இக்கட்டளையை வாசிக்கக் கேட்டு, மலைக்குச் சென்று ஒலிவக் கிளைகளும் பேரீச்ச ஓலைகளும் வெட்டிவந்து கூரைகளிலும் முற்றங்களிலும் குடில்கள் அமைத்தனர். யோசுவாவின் காலத்துக்குப் பின் அதுபோன்று நடந்ததில்லை என்றும், அன்று பெருமகிழ்ச்சி நிலவியது என்றும் அந்நூல் குறிக்கின்றது. ஒருகாலத்தில் துரத்தப்பட்டு நுழைந்த குடிலுக்குள், இப்போது பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு தாமாகவே நுழைந்தார்கள்.

எல்லாப் பெற்றோராலும் இது இயலும் என்று நாம் கூறவரவில்லை. கூடாரத் துணி காற்றில் அடிக்கும் ஓசை கேட்டால் இன்றும் உறக்கம் கலைந்து எழுபவர்கள் உண்டு. அத்தகையோரை, பயந்தவர் என்று கேலி செய்து கூடாரத்துக்குள் தள்ளுவது பிள்ளைகளுக்கு அழகன்று. அல்கொன்குயினின் சில தலங்களில் கட்டிலும் கதவும் உள்ள வட்டக் குடில்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. பகலில் ஏரியில் தூண்டில் போட்டுவிட்டு இரவில் அங்கே உறங்கலாம். சொல்ல விரும்பாதவரை வற்புறுத்தவும் கூடாது. ஆனால் சொல்ல விரும்பியும் தருணம் வாய்க்காதிருப்போர் மிகப் பலர். வீட்டு விறாந்தையில் வாய்க்காத அத்தருணம், தொலைபேசி இயங்காத ஓர் இரவில், நெருப்பின் அருகே, பிள்ளையே கேள்வி கேட்கும்போது வாய்க்கின்றது. கிளாலிக் கடல் எவ்வளவு இருட்டாக இருந்தது, வள்ளத்தில் யார் யார் இருந்தார்கள், அப்பப்பா எதைத் தலையிற் சுமந்து வந்தார் என்ற அளவில் ஒரு பிள்ளைக்குச் சொன்னாற் போதும். கொடியவற்றைச் சொல்ல இன்னும் காலம் இருக்கின்றது.

இந்நாட்டில் இருக்கும் நமக்கு இதற்கெனக் கனடா செல்லவேண்டிய தேவையுமில்லை. மருதமடுத் திருத்தலமே அவ்வாறு தோன்றியதன்றோ? ஒல்லாந்தர் காலத்து வதைகளுக்கு அஞ்சி, மாந்தையிலிருந்து அன்னையின் திருச்சொரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடிய குடும்பங்களின் தஞ்சமே பின்னர் நமது பெருந்தலமாயிற்று. 1990களில் இடம்பெயர்ந்த பல்லாயிரவர் அதே மரங்களின் கீழே குடில் அமைத்து வாழ்ந்தனர். 1999 நவம்பரில் அத்திருத்தலத்தில் விழுந்த எறிகணைகள், தஞ்சமடைந்திருந்தோர் பலரது உயிரைப் பறித்தன. 2008 ஏப்ரலில் அன்னையின் திருச்சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்து, அவ்வாண்டு ஓகஸ்டில் மீண்டது. இன்று ஆவணித் திருவிழாவுக்குச் செல்வோர் அதே நிலத்திலேயே கூடாரமடித்து, கல்லடுக்கிச் சோறு சமைத்து, அடுத்த கூடாரத்தாரோடு கறி மாற்றி உண்டு, நவநாளுக்குச் செபமாலையோடு எழுந்து போகின்றனர். எவரும் அதனை விந்தையாக நோக்குவதில்லை.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கு அந்நாள்களில் மன்னாரில் விடுதி அறை தேடவேண்டாம். இரண்டு இரவுகளேனும் மடுவில் உங்களோடு தங்கவிடுங்கள். நுளம்புவலையும் ஒரு கைவிளக்கும் கொண்டுவரச் சொல்லுங்கள். கூடாரமடிக்க அவர்களுக்குத் தெரியும்.